எங்கள் இருட்டறையில் எரிந்த விளக்கு

போன வாரம், நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுப்பிரசுரத்தின் வரைவு வந்தது. அனுப்பியவர் ஃபர்ஹானா. நான் ஓய்வு பெற்ற வருடம் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி உதவியாளர். "சார், ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் குடுங்க. மத்ததெல்லாம் பார்த்தாச்சு" என்று கூடவே ஒரு குறிப்பு. முப்பது வருடத்துக்கு மேல் காளான் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளனாக இருந்துவிட்டு, இப்போது கே.கே. நகரில் காலை நடை போய்க்கொண்டிருக்கும் எனக்கு மிஞ்சியிருக்கும் அறிவியல் பதவி இதுதான்: ஒற்றுப்பிழை பார்ப்பவன்.

பிரசுரத்தின் தலைப்பு, "இருட்டிலும் குடை விரிக்கும் சிப்பிக் காளான்: புதிய ரகம், புதிய நம்பிக்கை." படித்ததும் எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சியம்மாள் நினைவுக்கு வந்தார். அவர் ஒருமுறை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அது என்ன கேள்வி என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் இருட்டறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தாவரவியலில் முதுகலை படித்துவிட்டு வேலையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். பிறகு சோளத்தை அரைவேக்காடாக அவித்துப் பாட்டிலில் அடைத்து, பெரிய குக்கர் போன்ற கருவியில் கிருமி நீக்கி, அதில் காளான் வித்து வளர்க்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். இதற்கு மேல் தன் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவர் அந்த இரண்டு வருடமும் பாட்டில் கழுவவில்லை என்று அர்த்தம்.

சிப்பிக் காளானுக்குக் கண் கிடையாது. ஆனால் வெளிச்சத்தை உணரும் புரதம் அதன் உடம்பில் உண்டு. வைக்கோல் அடைத்த பைக்குள் வெள்ளை இழையாகப் பரவுகிற முதல் இரண்டு மூன்று வாரம் அதற்கு இருட்டு போதும். பிறகு குண்டூசித் தலை மாதிரி மொட்டு விடும். அந்த நேரத்தில் வெளிச்சம், முக்கியமாக அதில் உள்ள நீல நிறம், மேலே பட வேண்டும். பட்டால் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு மற்றப் புரதங்களை வேலைக்கு ஏவும், குடை விரியும். படாவிட்டால் காம்பு மட்டும் நீண்டுகொண்டே போகும். எனக்குத் தெரிந்த சில அதிகாரிகளைப் போல, உயரம் இருக்கும், தலை இருக்காது.

இதற்காக எங்கள் பழைய பிரசுரத்தில் ஒரு வரி இருந்தது: "மொட்டு வரும் அறையில் செய்தித்தாள் வாசிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும்." எளிய வரி. யாருக்கும் புரியும். அதனாலேயே புதிதாக வந்த துறைத் தலைவர் ஞானதுரைக்கு அது பிடிக்கவில்லை.

"செய்தித்தாளை வச்சா அளப்பீங்க? எந்தச் செய்தித்தாள்? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வெளிச்சம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினார். ஐந்து அறைகள் ஒதுக்கினார். நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று நான்கில் விளக்கு. ஐந்தாவது, ஒப்பீட்டுக்காக, முழு இருட்டு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை. அறை துப்புரவு செய்யும்போது தேவைப்படும் என்று உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

ஞானதுரையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்தவர். "சுருக்கமா சொல்லணும்னா" என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் பேசுவார். பச்சை மையில் கையெழுத்திடுவார். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த வாரத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் அடுக்கி அவர் முன் வைப்போம். போனில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிக் கையெழுத்துப் போடுவார். எழுதியிருப்பது விடுப்பு விண்ணப்பமா, வாளி வாங்க அனுமதியா என்று அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

விருந்தினர் என்றால் அவருக்கு உயிர். கல்லூரி மாணவிகள், வங்கிக்காரர்கள், மேலிடத்து அதிகாரிகள், கல்யாணத்துக்குப் போகிற வழியில் இறங்கிய அவருடைய சகலை குடும்பம், எல்லாரையும் ஐந்து அறைகளுக்கும் கூட்டிப்போவார். கடைசியில் ஐந்தாவது அறைக் கதவைத் திறப்பார். "இதுதான் எங்க இருட்டறை. ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது" என்பார். இருட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு இருட்டில் என்ன தெரியும்? ஆகவே திறப்பு விழாவில் நாடாவை வெட்டுகிற மாதிரி ஒரு விரலை நீட்டி, சுவிட்சைத் தட்டுவார். குழல் விளக்கு நாலைந்து முறை கண் சிமிட்டி எரியும். எல்லாரும் "ஆஹா" என்பார்கள். சகலையின் மகள் அங்கே நின்று படம்கூட எடுத்துக்கொண்டாள்.

இது வாரத்துக்கு நாலைந்து தடவை நடந்தது.

அந்த அறைக்கு ஒரு கதவுப் பதிவேடு உண்டு. அதையும் ஏற்பாடு செய்தவர் அவரே. யார் உள்ளே போனார், எத்தனை மணிக்கு, விளக்கு போட்டாரா என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். நான் ஒரு தடவைகூட விடாமல் எழுதினேன். "தலைவர், விருந்தினர் ஆறு பேர், விளக்கு எரிந்தது பன்னிரண்டு நிமிடம்." வியாழக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தின் அடியில் பச்சை மையில் கையெழுத்து விழும். எழுதி வைப்பது ஒன்று, வாய் திறந்து சொல்வது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவதைச் செய்ததாகவே ஆகிவிடும் என்பது எங்களைப் போன்றவர்களின் நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காளான் வந்ததும் புரதச் சோதனை என் பொறுப்பு. குடையிலிருந்து ஒரு கிராம் வெட்டி, ஐஸ் மேல் வைத்த பீங்கான் கல்வத்தில் குளிர்ந்த கரைசல் ஊற்றி அரைக்க வேண்டும். கை சூடு பட்டால்கூடப் புரதம் கெட்டுவிடும். எங்கள் ஐஸ் இயந்திரம் நிரந்தர நோயாளி என்பதால் மீன் கடையில் ஐஸ் வாங்கி வருவேன். ஆய்வகம் முழுக்க விலாங்கு வாசம் அடிக்கும். அரைத்ததை மெல்லிய துணியில் வடிகட்டி, வேகமாகச் சுழற்றும் கருவியில் வைத்தால் சக்கை அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். வைக்கோலைச் செரிக்க உதவுகிற நொதி அதில் இருக்கிறது. நொதி என்பதும் புரதம்தான். வேலை பார்க்கிற புரதம். அந்த நீரில் நிறமற்ற மருந்து ஒன்றைச் சேர்த்தால் மெல்ல மெல்லத் தேநீர் நிறம் வரும். எவ்வளவு சீக்கிரம் நிறம் வருகிறதோ, நொதி அவ்வளவு சுறுசுறுப்பு.

வெள்ளை விளக்கு அறைக் காளானும் இருட்டறைக் காளானும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நிறம் காட்டின. இரண்டிலும் குடை அழகாக விரிந்திருந்தது. ஞானதுரை குதிக்காத குறை. "பாத்தீங்களா? வெளிச்சம் ஒரு மூடநம்பிக்கை!" சோதனையில் பிழை எதுவும் இல்லை. நிறம் பொய் சொல்லவில்லை. பாட்டில் மேல் நாங்கள் ஒட்டிய "இருட்டு" என்ற சீட்டுதான் பொய்.

புதிய பிரசுரம் தயாரானது. "வெளிச்சம் தேவையில்லை. மொட்டு வரும் அறையின் ஜன்னல் வலைகளைக் கறுப்புத் துணியால் மூடுவதால் ஈரப்பதம் காக்கப்படும்" என்றது. அச்சுக்குப் போகுமுன் என்னிடம் வந்தது. ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. திருத்தினேன். கதவுப் பதிவேடு என் மேசையின் இடது இழுப்பறையில் இருந்தது. அதைத் திறக்கவில்லை.

பேச்சியம்மாள் அடுத்த கோடையின் தொடக்கத்தில் வந்தார். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவுக்கு அவர் தலைவி. ஊர்ப் பொதுத் தானியக் கிட்டங்கியைக் காளான் கொட்டகையாக்கி நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் சாவி அவர் இடுப்பில் இருக்கும். கூடையைத் திறந்து காட்டினார். குடையே இல்லாத வெள்ளைக் காம்புகள், கடலுக்கடியில் முளைக்குமே பவளம், அந்த மாதிரி கிளை கிளையாக.

"அம்புட்டும் குச்சியா வந்திருக்கு சார். வழக்கமா வாங்குற ஓட்டல் சமையக்காரரு பார்த்துட்டு, இது என்ன, பல் குத்தவான்னு கேக்குறாரு."

ஞானதுரை கூடையை எட்டிப் பார்த்தார். புகார்ப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில், எந்தப் புகாருக்கும் நாங்கள் எழுதுகிற இரண்டு சொற்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்: சுகாதாரக் குறைபாடு.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடை இல்லை. முழுக் காளான் பை ஒன்றை, கைப்பிள்ளையை அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். தலைவர் அறையில் விருந்தினர். என் மேசை மேல் பையை வைத்தார்.

"நீங்க குடுத்த காயிதத்த எங்க கூட்டத்துல வாசிச்சாக சார். சுகாதாரக் குறைபாடுன்னா என்னா அர்த்தம்னு எங்க குழுவுல இருக்குற செல்லத்தாயி எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லிட்டா. நான் தீட்டோட உள்ள போறேனாம். அதான் காளான் கருகுதாம். வர்ற வெள்ளிக்கெழமை கூட்டத்துல என் கையில இருக்கிற சாவிய வாங்கிப்புட்டு, கொட்டகைய கோழிக்கு விடப் போறாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தீட்டு நின்னு நாலு வருசமாச்சுடீன்னேன். அதுக்கும் சிரிக்கிறாளுக." சிரிக்காமல் சொன்னார். "எனக்குச் சாவி முக்கியமில்ல சார். அந்தக் காயிதத்துல இருக்குற சொல்லு போகணும். எம் மகளக் குடுத்த வீடு வரைக்கும் போயிருச்சு அது. இப்ப இதப் பாருங்க."

பையைத் திருப்பினார். ஒரு பக்கம் பவளக் குச்சி. மறு பக்கம் உள்ளங்கை அகலத்தில் குடைகள்.

"ஒரே பை. ஒரே வைக்கோலு. என் ஒரே கைதான் வித்துப் போட்டுச்சு. கறுப்புத் துணில எலி கடிச்ச ஓட்டை ஒண்ணு இருக்கு சார். அதப் பார்த்த பக்கம் குடை, பார்க்காத பக்கம் குச்சி. தீட்டு ஒரு பக்கம் மட்டுமா படும்?"

இதைவிட ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனையை எங்கள் நிலையத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு எலி செய்திருந்தது.

தலைவரிடம் சொன்னேன். "வெளிச்சம் இல்ல, காத்து. துணிய மூடினதுல கரியமில வாயு தங்கியிருக்கும். அதுக்கும் காம்பு நீளும்" என்றார். அபத்தமான வாதம் அல்ல. காற்று நின்றாலும் காம்பு நீளும்தான். அடுத்த நாள் உசிலம்பட்டி பஸ் ஏறினேன்.

கொட்டகையில் கூரைக்கு அடியில் நான்கு பக்கமும் காற்றுத் துளைகள் திறந்தே இருந்தன. வளைந்த தகரக் குழாய் பொருத்தியிருந்ததால் வெளிச்சம் வராது, காற்று வரும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தேன். புகை எங்கும் நிற்காமல் நகர்ந்தது. வாசலில் கைகட்டி நின்ற செல்லத்தாயி கேட்டார்: "என்னா சார், சாமி கும்பிட்டா சரியாயிருமா?"

"காத்து இருக்கான்னு பார்க்குறேம்மா."

"காத்து கருப்பு எல்லாம் இருக்கு. அதான் சொன்னேன்ல, மதினி சுத்தபத்தமா இருந்தா ஏன் வருது?"

"வாய மூடுடி" என்றார் பேச்சியம்மாள், பையைத் திருப்பி எனக்குக் காட்டிக்கொண்டே. ஓட்டைக்கு நேராக இருந்த பைகள் எல்லாவற்றிலும் அதே கதை. வெளிச்சம் விழுந்த கோட்டில் மட்டும் குடை.

புதன்கிழமை கதவுப் பதிவேட்டை எடுத்துத் தலைவர் முன் விரித்து வைத்தேன். நெடுநேரம் படித்தார். அதை அவர் படித்தது அதுதான் முதல் தடவை.

"நான் லைட் போட்டப்ப நீங்க ஏன் சொல்லல?"

"எழுதியிருக்கேன் சார். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எழுதினா? வாய் இல்லையா உங்களுக்கு?"

அவர் வாழ்க்கையில் கேட்ட மிகச் சரியான கேள்வி அது.

பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "சரி. சோதனைய மறுபடி செய்வோம். முடிவு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தம்மா அறிக்கையில சுகாதாரக் குறைபாடுன்னே இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை அவங்க கூட்டம் சார்."

"கூட்டத்துக்காக அறிவியல் ஓட முடியுமா?"

திரும்பி வந்து கள ஆய்வு அறிக்கையை எழுதினேன். நிலைய விதிப்படி எழுத வேண்டியவன் நான், கையெழுத்திட வேண்டியவர் அவர், நகல் பெற வேண்டியவர் பயனாளி. காற்றோட்டம்: போதுமானது. துப்புரவு: மிக நன்று. காரணம்: வெளிச்சம் தேவையில்லை என்று இந்நிலையம் வெளியிட்ட தவறான பரிந்துரை. பயனாளியின் தவறு ஏதுமில்லை. முன்பு குறிப்பிட்ட சுகாதாரக் குறைபாடு என்ற காரணம் நீக்கப்படுகிறது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. அட்டையில் மேலே இரண்டு விடுப்பு விண்ணப்பம், கீழே பினாயில் வாங்க அனுமதி, நடுவில் இந்த அறிக்கை. தலைவர் போனில் யாரையோ ஞாயிற்றுக்கிழமை இருட்டறை பார்க்க அழைத்துக்கொண்டிருந்தார். பச்சை மை வழக்கம்போல் நான்கு தடவை ஓடியது. நான் எதையும் மறைக்கவில்லை. அவர் கண் முன்னால்தான் வைத்தேன். படிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை நகலை அவர்கள் கூட்டத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சியம்மாள் அதைத் தான் வாசிக்கவில்லை. செல்லத்தாயியிடம் நீட்டினார். "நீதான நல்லா விளக்கம் சொல்லுவ. வாசி." செல்லத்தாயி வாசித்தார். 'துப்புரவு: மிக நன்று' என்ற இடத்தில் குரல் இறங்கியது. "சத்தமா வாசிடி, பின்னால கேக்கலையாம்" என்றார் பேச்சியம்மாள். முழுவதும் வாசித்து முடித்ததும் யாரும் சாவியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பெண்கள் எழுந்து போய்க் கறுப்புத் துணியைக் கிழித்து எறிந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, கூடை நிறையக் குடைக் காளானோடு பேச்சியம்மாள் நிலையத்துக்கு வந்தார். ஞானதுரை விருந்தினர் புடைசூழ இருட்டறை வாசலில் நின்றிருந்தார். "தப்பு எங்க மேலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீகளே ஐயா, எந்த ஆபீசர் குடுப்பாரு?" என்று கும்பிட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு விருந்தினரைப் பார்த்தார். "அறிவியல்னா அதுதாம்மா. தப்புன்னா ஒத்துக்கணும்" என்றார். கைதட்டினார்கள். அதன் பிறகு அவர் பேசிய எல்லா மேடையிலும் இந்தக் கதை வந்தது. என்னோடு மட்டும் மூன்று மாதம் பேசவில்லை. பழைய பிரசுரத்தைத் திரும்பப் பெற்றோம். மறு சோதனையில் நான் அந்தக் குழல் விளக்கைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டேன். மங்கலான சிவப்பு விளக்கோடு மட்டும் உள்ளே போனேன். குடை விரியவில்லை. தேநீர் நிறமும் வர மறுத்தது.

கூடையோடு வந்த அன்று பேச்சியம்மாளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட்டேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது கேட்டார்: "அந்த நோட்டீச அடிக்கிறதுக்கு முன்னாடி யாரு சார் படிச்சுப் பார்த்தது?"

"குழு பார்த்ததும்மா."

"குழுன்னா?"

"அஞ்சாறு பேர்."

"ஒரு எழுத்துப் பெசகு கெடையாது சார் அதுல. எம் மக வாசிச்சா. இம்புட்டுச் சுத்தமா எழுதியிருக்காகன்னா விசயமும் சுத்தமாத்தான் இருக்கும்னு நம்பிட்டோம்." பஸ் வந்தது. "வாரேன் சார்" என்று ஏறிக்கொண்டார்.

இனிப் போன வாரத்துக்கு வருகிறேன். ஃபர்ஹானாவைக் கூப்பிட்டேன்.

"இருட்டுல குடை விரியுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"இப்ப புது வளர்ப்புப் பெட்டி சார், எல்லாம் தானியங்கி. மனுசங்க யாரும் கதவையே திறக்கிறதில்ல. விருந்தாளிங்களுக்குக்கூட ஸ்க்ரீன்லதான் காட்டுறோம்." குரலில் பெருமை. "உள்ள கேமரா இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம்."

"இருட்டுல எப்படிப் படம் விழுது?"

"அதுக்கு ஒரு வெள்ளை எல்.இ.டி. இருக்குல்ல சார், படம் எடுக்கும்போது மட்டும் எரிஞ்சு..." நிறுத்தினார். "யா அல்லா" என்றார் மெதுவாக.

"யாருக்குக் குடுக்கப் போறீங்க இத?"

"சோழவந்தான்ல சார். வெற்றிலைக் கொடிக்கால்காரங்க கொஞ்சப் பேர் காளானுக்கு மாறப் போறாங்க. ஷெட்டு போட ஆரம்பிச்சுட்டாங்க. அச்சுக்கு நாளைக்குப் போகுது. இப்ப இருக்கிற தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார். நான் எப்படி சார் போய்ச் சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

வரைவில் ஒற்றுப்பிழை ஆறு இருந்தது. ஒன்றையும் திருத்தவில்லை. தலைப்பைக் குறுக்கே அடித்து, "இருட்டறையில் விளக்கு எரிகிறது. அச்சிட வேண்டாம்" என்று எழுதி, நேராகத் தலைவருக்கே அனுப்பினேன். அவர் படிக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதால் போனிலும் கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்தக் குறிப்பின் அடியில் என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். குழு என்று போடவில்லை.